சொட்டுச் சொட்டாகப் போனால் அலட்சியம் வேண்டாம்

பிறந்த ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தாரையில் பிறவியிலேயே அமைந்த மெல்லிய சவ்வு வழியை அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் குறை இது. தேங்கும் சிறுநீர் கருவிலேயே சிறுநீரகங்களை வீங்கவைத்துக் கெடுக்கத் தொடங்குகிறது. கர்ப்பத்தின் 20-ஆவது வார ஸ்கேனில் அந்த வீக்கம் தெரிந்தால், பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் செய்ய வேண்டும்.

பிறந்ததும் மெல்லிய குழாய் செருகிச் சிறுநீரை வடித்து, குழந்தை தேறியபின் எண்டோஸ்கோப் வழியே சவ்வை நீக்குகிறார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அத்துடன் பலர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுவதுதான் வேதனை. சவ்வை நீக்கிய பின்னும், அடைப்பால் தடித்துப்போன சிறுநீர்ப்பை பல ஆண்டுகள் தொல்லை தரும். சிலருக்குப் பதின்வயதில் சிறுநீரகமே செயலிழக்கிறது. இக்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகள் தனிப் பதிவேடு வைத்து, ரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் பெரியவர்களாகும்வரை பார்த்துவர வேண்டும்.