மந்தைவெளி நிலம் யாருக்கு?

மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் நிலையம் இருக்கிறது. சென்னையில் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கடைச் சிப்பந்திகள், கொத்தனார், சித்தாள் எல்லோரும் விடியற்காலையில் வந்து இறங்கும் இடம். இந்த நிலத்தில் பல அடுக்கு மாளிகை ஒன்றை எழுப்ப மெட்ரோ ரயில் நிறுவனம் திட்டம் போட்டது. 2025ல் பஸ்கள் அக்கம்பக்கத்து ரோடுகளுக்கு மாற்றப்பட்டன. கீழே பஸ் நிற்குமாம். மேலே கடைகளும் ஆபீஸ்களும் வாடகைக்கு விடப்படுமாம்.

மந்தைவெளி மட்டுமல்ல. வடபழனி, திருவான்மியூர் பஸ் நிலையங்களுக்கும் இதே கதிதான். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே 27 மாடிக் கட்டிடம் என்று ஒரு திட்டம். இந்தச் சொத்து வியாபாரத்துக்கென்றே ‘சென்னை மெட்ரோ அசெட் மேனேஜ்மெண்ட்’ என்று தனிக் கம்பெனி ஒன்றும் துவக்கப்பட்டிருக்கிறது. பெரிய பத்திரிகைகள் வரைபடம் போட்டு மகிழ்கின்றன. கண்ணாடிச் சுவர், நகரும் படிக்கட்டு, நிலத்தடியில் கார் நிறுத்துமிடம்! அந்த வரைபடத்தில் தூக்குவாளியோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு பெண்ணைக்கூட வரைந்தவர்கள் போடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மந்தைவெளி என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கிராமத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மந்தை கூடும் வெளி. தனி ஒருவனுக்குச் சொந்தமாகாமல், ஊர் மாடெல்லாம் மேயும் இடம். பண்ணையார் முதலில் வளைத்துப் போடுவதும் இதைத்தான். வேலி ஒரு முழம் நகரும், மறு வருஷம் இன்னொரு முழம் நகரும், மூன்றாம் வருஷம் பட்டா வந்துவிடும். பட்டணத்தில் முழக்கணக்கு இல்லை. டெண்டர் என்ற ஒரே காகிதத்தில் முழு நிலமும் போய்விடுகிறது.

நாம் உயரமான கட்டிடங்களுக்கு விரோதிகள் அல்ல. மௌண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் எழுந்தபோது தமிழ்நாடே வந்து அண்ணாந்து பார்த்தது. ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1953ல் துவக்கிய கட்டிடம் அது. 1956ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசவுடைமையானபோது பொதுச் சொத்தாயிற்று, 1959ல் திறக்கப்பட்டது. அதாவது, தனியார் கையிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்த மாடி அது. மந்தைவெளியில் நடப்பது தலைகீழ்: பொது நிலத்தின் மேல் எழுப்பி, கம்பெனிகளின் கையில் கொடுக்கப் போகிறார்கள். எத்தனை மாடி என்பதில் நமக்குச் சண்டையில்லை. அந்த மாடிகளில் யார் ஏறுவது என்பதில்தான் சண்டை.

இந்த பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில், தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் குடியிருந்த இடம். கால்வாய் ஆக்கிரமிப்பு என்று சுப்ரீம் கோர்ட் வரை வழக்குப் போய், 259 வீடுகளை அகற்றும்படி உத்தரவாயிற்று. 2022 ஏப்ரல் கடைசியில் போலீஸ் பந்தோபஸ்தோடு புல்டோசர் வந்தது. மே மாதம் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு முதியவர், வீடுகள் இடிபடுவதைத் தாங்க மாட்டாமல், எல்லோர் கண் முன்னாலும் தீக்குளித்து மாண்டார். பிறகுதான் சர்க்காருக்குக் காது கேட்டது. மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்பட்டு வரும் குடியிருப்புகளில் இந்தக் குடும்பங்களுக்கு வீடு தரப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். வீட்டை இடிக்கு முன் ஜனங்களைக் கலந்து பேச வேண்டும் என்ற ஞானோதயமும் அன்றைக்குத்தான் பிறந்தது.

ஓர் உயிர் வெந்த பிறகே ‘மந்தைவெளியில் வீடு’ என்ற சொல் சர்க்கார் வாயிலிருந்து வந்தது. ‘மந்தைவெளியில் ஆபீஸ்’ என்ற சொல் வருவதற்கு யாராவது உயிரை விட வேண்டியிருந்ததா? ஒரு கோப்பு போதுமானதாக இருந்தது.

பொதுவாக நமக்குச் சொல்லப்படும் பதில் என்ன? “நகருக்குள் இடமில்லை, ஆகவே வெளியே போங்கள்.” 2000த்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்தும் கூவத்தின் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு அருகே, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒரே அச்சில் வார்த்த எட்டு மாடிப் பெட்டிகள். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. இந்த விஷயத்தில் மட்டும் ஒரே கொள்கை! மந்தைவெளிக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். வேலையோ மந்தைவெளியில், மயிலாப்பூரில், அடையாற்றில்தான். அங்கே பாத்திரம் தேய்க்கும் பெண் விடிவதற்குள் சோறாக்கி வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். 2021 மேயிலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் போகும் மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

இடமில்லை என்றார்களே, இதோ இடம்! நகரின் நடுவில் கிடக்கும் சர்க்கார் நிலம். மெட்ரோ ரயிலின் இரண்டாவது கட்டப் பாதை இந்த மந்தைவெளியின் அடியில்தான் போகிறது, ஸ்டேஷனும் வருகிறது. ஏழைக்கு வீடு கேட்டால் காணாமல் போகும் நிலம், ஆபீசுக்கு வாடகை என்றதும் பளிச்சென்று தென்படுவது என்ன மாயம்?

இதற்கு அதிகாரிகள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் செலவு. ஜப்பான் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் என்று பெரும் பகுதி கடன். டிக்கெட் வசூல் வட்டிக்கே போதாது. ஆகவே நிலத்திலிருந்து வருமானம் தேட வேண்டும், டிக்கெட்டை ஏற்றுவதைவிட இது மேல் அல்லவா, என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போல்தான் இருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

மெட்ரோ வந்தால் யாருக்கு லாபம்? பாதை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவனுக்கு. அவன் ஒரு செங்கல்லை எடுத்து வைக்கவில்லை. அவன் மனையின் விலை ஏறுகிறது. இதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளைப் பாருங்கள். சாதாரணக் கட்டிடமானால் மனையின் அளவைப் போல 2 மடங்கு தளம் கட்டலாம். உயர்மாடிக் கட்டிடமானால் 3.25 மடங்கு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முன்னதன்படி 4,800 சதுர அடி, பின்னதன்படி 7,800. அதற்கு மேலும் வேண்டுமானால் கட்டணம் செலுத்தி வாங்கிக் கொள்ளலாம். மண் ஒரு பிடி கூடவில்லை. சர்க்காரின் பேனா ஒரு கோடு இழுத்தது, மூவாயிரம் சதுர அடி முளைத்துவிட்டது! விவசாயத் தொழிலாளி தோழர்களே, நாற்று நடாமல், களை எடுக்காமல் விளையும் இந்த அதிசயப் பயிரை உங்கள் ஜில்லாவில் பார்த்ததுண்டா?

பொதுமக்கள் பணத்தில் போடும் ரயிலால் இப்படி விளையும் லாபத்துக்குக் கனமான வரி போட்டால் என்ன? அதைத் தொடத் துணிவில்லை. பஸ் தொழிலாளிகளின் நிலத்தைத் தொடத் துணிவு இருக்கிறது. பஸ் நிலையத்து நிலம் போக்குவரத்துக் கழகத்துக்கு உரியது. மேல்மாடி வாடகையில் மெட்ரோவுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு? எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம்? அதை பஸ் நிலையச் சுவரில் ஜனங்கள் படிக்கும்படி ஒட்டட்டும். அதே போக்குவரத்துக் கழகத்தில், 2025 ஜூன் 30ந் தேதி வியாசர்பாடி பணிமனையில் 120 மின்சார பஸ்கள் துவக்கப்பட்டன. ஓட்டுவது தனியார் கம்பெனி. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்டுகிறது. பஸ் தனியாருக்கு, மாடி ஆபீசுக்கு. கழகத்தின் கையில் மிஞ்சப் போவது என்ன, பெயர்ப் பலகையா?

“மயிலாப்பூர் பஸ் நிலையத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஆலைத் தொழிலாளிகள் சிலர் நினைக்கலாம். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். 1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலாளிகள் மசியவில்லை. ஏன்? நூலைவிட நிலம் லாபம் என்று கண்டுகொண்டார்கள். 1991ல் ஒரு விதி வந்தது: ஆலை நிலத்தை விற்றால் ஒரு பங்கு திறந்தவெளிக்காக நகரசபைக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முதலாளிக்கு. தொழிலாளிக்கு வீடு கிடைக்கும் என்று நம்பிக்கை பிறந்தது. 2001ல் அதே விதியில் ஒரு சிறு திருத்தம் நுழைந்தது: முழு நிலத்தையும் பிரிக்க வேண்டாம், கட்டிடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பிரித்தால் போதும். ஆலைக்குள் காலி இடம் எத்தனை முழம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு சந்து! பொது வீட்டுக்கான பங்கு சுருங்கிற்று; 2006ல் சுப்ரீம் கோர்ட்டும் திருத்தம் செல்லும் என்றுவிட்டது. ஜூபிடர் மில் நின்ற இடத்தில் இன்று கண்ணாடி ஆபீஸ் கோபுரங்கள் நிற்கின்றன.

நமது பெரம்பூரிலோ? 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் முளைத்தது பின்னி ஆலையைச் சுற்றித்தான். 1921ல் தொழிலாளிகள் துப்பாக்கிக் குண்டு வாங்கியதும் அந்த ஆலைக்கான போராட்டத்தில்தான். 1996ல் ஆலை மூடப்பட்டது. அந்த நிலத்தில் உயர்மாடிக் குடியிருப்பும் வியாபார வளாகமும் வந்திருக்கின்றன. நெய்தவனின் பேரனுக்கு அங்கே ஒரு அறை வாங்க முடியுமா? கோயமுத்தூர்த் தோழர்களே, 2020 ஊரடங்கில் நிறுத்தப்பட்ட தேசிய பஞ்சாலைக் கழகத்தின் பங்கஜா மில், கம்போடியா மில் எல்லாம் எந்த மாதிரி இடத்தில் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். மந்தைவெளியில் பஸ் நிலத்துக்கு எழுதப்படும் விதி நாளைக்கு அங்கே வாசிக்கப்படும்.

இந்த மாடிகளைக் கட்டுவது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சையில் நடவு இல்லாத மாதங்களில் வருகிறவர்களும், திருவண்ணாமலை, விழுப்புரம் ஜில்லாக்காரர்களும், ஒரிசா, பீகார்க்காரர்களும்தான். 2014 ஜூன் 28ந் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் மழையில் சரிந்து 61 பேர் மாண்டார்களே, அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் நம் கிராமங்களிலிருந்தும் வந்த கூலிகள். சட்டப்படி கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய் தொழிலாளர் நல நிதிக்குச் சேர வேண்டும். மந்தைவெளிக் கட்டிடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் நலவாரியத்தில் பதிவானவரா என்பதைச் சங்கம் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

வேறு வழியே உலகத்தில் கிடையாதா? ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைப் பார்ப்போம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்த நகரசபை சோஷலிஸ்டுகள் கைக்கு வந்தது. (கம்யூனிஸ்டுகள்கூட அல்ல!) 1923ல் ஒரு வீட்டு வரி போட்டார்கள்: பெரிய மாளிகைக்காரனுக்குப் பெரிய வரி, தொழிலாளியின் அறைக்குச் சொற்பம். அந்தப் பணத்தில், 1934க்குள் அறுபதாயிரத்துக்கும் அதிகமான வீடுகளை நகரத்துக்குள்ளேயே கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1930ல் திறந்த ஒரு பெரும் குடியிருப்புக்கு கார்ல் மார்க்ஸ் பெயர். 1,382 வீடுகள், உள்ளேயே சலவைச்சாலை, குழந்தைகள் பள்ளி, நூல்நிலையம். 1934ல் பாசிஸ்டுகள் அதை பீரங்கியால் சுட்டார்கள். சுவர் நின்றது, இன்றும் அது நகரசபையின் வாடகைக் குடியிருப்புதான். நூறு வருஷத்துக்கு முன் ஒரு நகரசபைக்கு முடிந்தது, 63,246 கோடிக்கு ரயில் போடும் நம்மவர்களுக்கு முடியாதாம்!

நமது கோரிக்கைகளில் மறைவு ஒன்றுமில்லை. மந்தைவெளியில் பஸ் நிலையம் கீழே இருக்கட்டும். மேலே வரும் மாடிகளில் பெரும் பகுதி வாடகைக் குடியிருப்பாகட்டும். வாடகை உழைப்பாளியின் கூலிக்குத் தக்கதாக இருக்க வேண்டும். விற்கக் கூடாது, விற்றால் பத்து வருஷத்தில் தரகன் கைக்குப் போய்விடும். கோவிந்தசாமி நகர் குடும்பங்களில் எத்தனை பேருக்கு 2022 வாக்குறுதிப்படி மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியில் சாவி கொடுக்கப்பட்டது என்று பட்டியல் வெளியிட வேண்டும்; பாக்கி இருப்பவர்களுக்கே இந்த மாடியில் முதல் உரிமை. அடுத்து பஸ் டிரைவர், கண்டக்டர், துப்புரவுத் தொழிலாளி, பெரும்பாக்கத்திலிருந்து வந்துபோகும் வேலைக்காரப் பெண்கள். போக்குவரத்துக் கழகத்தின் வேறு எந்தப் பணிமனை நிலத்தையும் தொழிற்சங்கங்களைக் கலக்காமல் கைமாற்றக் கூடாது.

ஆலை வாயிலிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, போக்குவரத்து மந்திரிக்கும் வீட்டு வசதி மந்திரிக்கும் அனுப்புங்கள். ஒரு நகலை நமது ஆபீசுக்கும் அனுப்புங்கள். வடபழனியிலும் திருவான்மியூரிலும் உள்ள தோழர்கள் பஸ் பிரயாணிகளிடம் கையெழுத்து வாங்கும் வேலையை இந்த மாதமே துவக்க வேண்டும்.