பின்பாட்டுக்காரருக்கு ஒரு ஆல்பம்

ஜாஸ் கேட்கிறேன் என்று சொன்னால் வகுப்பில் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "பீட்டர் விடாத மச்சி". இரண்டாவது, "நம்மகிட்ட இல்லாதது என்னடா அதுல இருக்கு?" முதல் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை :) இரண்டாவது கேள்வி மட்டும் ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம்மிடம் இல்லாதது எது என்று யோசித்ததில் ஒன்று அகப்பட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினா சிமோன் என்று ஒரு அமெரிக்கப் பாடகி. 1933-ல் பிறந்தவர், 2003-ல் காலமானார். சின்ன வயதிலிருந்தே பியானோ. மேற்கத்திய சாஸ்திரிய இசையில் பெரிய பியானோ கலைஞர் ஆக வேண்டும் என்பதுதான் கனவு. அது நடக்காமல் போய், வயிற்றுப்பாட்டுக்காக 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் பியானோ வாசிக்கப் போனார். வாசித்தால் மட்டும் போதாது, பாடவும் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்படித்தான் பாட ஆரம்பித்தார். ஒரு மகத்தான குரல் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு சாராயக் கடை முதலாளியின் கண்டிப்பு!

அவருடைய முதல் ஆல்பம் 'லிட்டில் கேர்ள் ப்ளூ'. மீஞ்சூரில் யூனிட் ஏறினால் சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் முழுசாகக் கேட்டு முடித்துவிடலாம். இதில் உள்ள பெரும்பாலான பாட்டுகள் அவருக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆல்பத்தின் பெயரைக் கொடுத்த பாட்டு, 1935-ல் 'ஜம்போ' என்ற மேடை நாடகத்துக்காக எழுதப்பட்டது. 'போர்கி' பாட்டும் அதே 1935-ல் வந்த 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகத்தில் கதாநாயகி பாடுவது. அதாவது இருபது வருஷத்துப் பழைய நாடகப் பாட்டுகள். கதை தெரியாது, மேடை கிடையாது, வேஷம் கிடையாது. ஒரு பெண், ஒரு பியானோ, கூட இரண்டு பக்கவாத்தியம். 1959-ல் அந்தப் போர்கி பாட்டு அமெரிக்காவில் பெரிய ஹிட். இன்றைக்கு அது நாடகத்தின் பாட்டு என்பதைவிட நினாவின் பாட்டு என்று சொல்பவர்கள்தான் அதிகம். (அந்த ஆல்பத்தின் உரிமையை அவர் 3000 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது தனிச் சோகம். 1987-ல் அதே ஆல்பத்துப் பாட்டு ஒன்று வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து மறுபடி ஹிட் ஆனது.)

ஜாஸ்காரர்கள் இந்த மாதிரிப் பாட்டுகளை 'ஸ்டாண்டர்ட்' என்கிறார்கள். ஒரே பாட்டை முப்பது பேர் முப்பது விதமாகப் பாடியிருப்பார்கள். யார் பாடியது ஒசத்தி என்று விடிய விடியச் சண்டை போடலாம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956-லிருந்து 1964-க்குள் ஒவ்வொரு பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒன்றாக எட்டு 'சாங்புக்' ஆல்பங்கள் போட்டார். நாடகங்கள் ஓடி முடிந்து மறந்துபோன பிறகும் பாட்டுகள் உயிரோடு இருப்பதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

நம்மிடம் நாடகப் பாட்டுக்குப் பஞ்சமா? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஒருவரே போதும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று வரிசையாக எழுதித் தள்ளியவர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் அவை இன்றைக்கும் நடக்கின்றன. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடிகாலை வரை போகும். எல்லோருக்கும் ஒரே பாட்டுகள் தெரியும். ஒவ்வொருவரும் தன் வழியில் பாடுவார்கள். இதற்குப் பெயர் ஸ்டாண்டர்ட் இல்லை என்றால் வேறு எதற்கு?

இசைத்தட்டும் நமக்குப் புதிது இல்லை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதிலேயே போய்விட்டார். தமிழ்ப் பேசும்படம் தொடங்கி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில்தான். மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு எவ்வளவு நேரமும் இழுக்கக்கூடிய பாட்டை, தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் என்று சுருக்கிப் பாடியிருக்கிறார். அந்தக் கரகரப்புக்கு அடியிலும் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கே.பி. சுந்தராம்பாளின் நாடகப் பாட்டுகளும் அப்படியே. அவரை ஔவையாராக மட்டும் தெரிந்தவர்கள் அந்தப் பழைய தட்டுகளைத் தேடிக் கேளுங்கள், வேறு ஒரு ஆள் தெரிவார்.

அப்படியானால் நம்மிடம் இல்லாதது எது? நினா உட்கார்ந்த அந்த இடம். வாத்தியத்தின் கட்டைகளில் கை வைத்துக்கொண்டு, தானே பாடிக்கொண்டு, நாடகப் பாட்டுகளைத் தன் பெயரில் ஒரு ஆல்பமாகப் போட்டவர். அந்த ஆள் நம்மூர் மேடையில் இருக்கிறார், மேடையின் ஓரத்தில். ஸ்பெஷல் நாடகத்தில் அவருக்கு 'ஆர்மோனியம் பின்பாட்டு' என்று பெயர். ஆர்மோனியம் வாசிப்பதும் பின்பாட்டுப் பாடுவதும் ஒரே ஆள். ஒத்திகையே இல்லாத நாடகத்தில் ஒவ்வொரு நடிகருக்கும் எத்தனை கட்டை சுருதி, யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், யார் வரியை மறப்பார் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடிகர் ஒரு பாத்திரத்தின் பாட்டைத் தெரிந்துகொண்டால் போதும். இவருக்கு எல்லாப் பாத்திரத்தின் பாட்டும் தெரிய வேண்டும். நடமாடும் சாங்புக்!

எங்கள் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தைவிடத் தெருக்கூத்துதான் பழக்கம். கூத்திலும் பெட்டி உண்டு, பின்பாட்டு உண்டு. கட்டியங்காரன் பேர் ஊருக்கே தெரியும், பெட்டிக்காரர் பேரைக் கேட்டால் தலையைச் சொறிவோம்.

ஏன் அவர் ஓரத்திலேயே இருக்கிறார்? திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. என் கணிப்பில் காரணம் இரண்டு.

முதலாவது அந்தப் பெட்டிக்கு இருந்த கெட்ட பெயர். ஆர்மோனியம் பாரிஸில் பிறந்தது, 1842-ல் காப்புரிமை வாங்கப்பட்டது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார். நாடகக் கம்பெனிகள் கையோடு பிடித்துக்கொண்டன. சங்கீதம் தெரிந்தவர்கள் கரித்துக் கொட்டினார்கள். கமகம் வராது, ஸ்வரங்கள் நம் ஸ்வரங்கள் இல்லை என்றார்கள். பாரதியாரே அதைத் திட்டி எழுதியிருக்கிறார். கடைசியில் 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் தளர்ந்தது. முப்பது வருஷம்! பாடகர்கள் வீட்டுக்கு வீடு அறிமுகமானதே வானொலி வழியாகத்தான் என்ற காலத்தில், பெட்டியோடு பாடுகிறவருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. கமகம் வராது என்ற குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் பியானோவிலும் வராதே? கட்டையை அமுக்கினால் ஸ்வரம் குத்துக்கல்லாக நிற்கும். வளைவதெல்லாம் நினாவின் குரல்தான். அசையாத கட்டைக்கும் வளைகிற குரலுக்கும் இடையே இருக்கிற அந்த இழுபறிதான் சுவாரஸ்யமே. நம் பின்பாட்டிலும் அதே இழுபறி இருக்கிறது.

இரண்டாவது காரணம் சினிமா. பெட்டி வாசிக்கத் தெரிந்த கெட்டிக்காரர்களை அது அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஜி. ராமநாதன் தன் அண்ணனின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எஸ்.எம். சுப்பையா நாயுடு நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து பாடிக் காட்டுகிற காட்சியை யாரால் மறக்க முடியும்? ராஜா அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பொதுக்கூட்ட மேடைகளில் வாசித்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இவர்கள் பாடியது பெரும்பாலும் தங்கள் சொந்த மெட்டுகளை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நமக்கு லாபம்தான். பழைய நாடகப் பாட்டை எடுத்துத் தன் வழியில் திருப்பிப் பாடுகிற வேலை மட்டும் ஆளில்லாமல் நின்றுவிட்டது.

இதைச் சொன்னால் ஒரு நண்பன் மறுக்கிறான். "நாடகப் பாட்டை நாடகத்திலிருந்து பிடுங்கினால் செத்துடும். முருகன் வேஷம் இல்லாம, வள்ளியோட தர்க்கம் இல்லாம, விடிய விடிய உட்கார்ந்திருக்கிற கூட்டம் இல்லாம அதை எதுக்குக் கேட்கணும்?" நியாயமான கேள்வி. கூட்டத்தின் சூடு ஒலிப்பதிவில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிட்டப்பாவின் தட்டில் மட்டும் வேஷமும் கூட்டமுமா இருக்கிறது? 'காயாத கானகத்தே' நாடகத்திலிருந்து கிளம்பி, 1945-ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் குரலில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியதே, செத்தா போச்சு? பாட்டில் சத்து இருந்தால் கதையை விட்டு வெளியே வந்தும் பிழைக்கும்.

சரி, யூட்யூபில் ராத்திரி முழுக்க எடுத்த நாடக வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றனவே என்பீர்கள். கிடக்கின்றன. அவற்றில் மைக் நடிகர் வாயில் இருக்கும். பெட்டிச் சத்தம் ஸ்பீக்கர் இரைச்சலில் கரைந்திருக்கும். தலைப்பில் ராஜபார்ட் பேரும் ஊர்ப் பேரும் போட்டிருப்பார்கள். பின்பாட்டுக்காரர் பேர் வருவது அபூர்வம். முப்பது, நாற்பது வருஷமாக இரவெல்லாம் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டின் பழைய பாடங்கள், எந்த இடத்தில் எந்த ராகத்துக்குத் தாவுவது என்பதெல்லாம் அவர்கள் கைவிரலில் இருக்கிறது. அந்த விரல்களுக்கும் வயதாகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு அமைதியான அறை, ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், இரண்டு நல்ல மைக். நடிகர் வேண்டாம். பின்பாட்டுக்காரரையே நடுவில் உட்கார வையுங்கள். வள்ளி பாட்டையும் அவரே பாடட்டும், முருகன் பாட்டையும் அவரே பாடட்டும், நடுவே பபூன் பாட்டு ஒன்று. மூன்று நிமிஷக் கணக்கு இப்போது இல்லையே, பாட்டு எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம். கையால் துருத்தி போடும் பெட்டியில் ஒரு கை துருத்திக்கே போய்விடும், நினா மாதிரி இரண்டு கையிலும் இரண்டு கதை சொல்ல முடியாது. பரவாயில்லை. அந்தத் துருத்தி மூச்சு வாங்குகிற சத்தத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள், எடிட் பண்ணித் தொலைத்துவிடாதீர்கள். அட்டையில் அவருடைய படம், அவருடைய பெயர், பெரிய எழுத்தில்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த திருவிழா நாடகத்தில் முன்வரிசையை விட்டுவிட்டு, பெட்டி இருக்கிற ஓரமாகப் போய் உட்கார்ந்து பாருங்கள். அவர் பெயரைக் கேட்டு வந்து பின்னூட்டத்தில் போடுங்கள். எங்கள் பக்கத்துக் கூத்துப் பெட்டிக்காரர்கள் பெயரை விசாரிக்க நான் பொறுப்பு.