பெட்டியில் போட்ட வேகம்

ஆடி வந்தால் நேரு வீதித் துணிக்கடைகளில் '50% தள்ளுபடி' என்று ஆளுயரத்துக்கு எழுதி வைக்கிறார்கள். பக்கத்தில் எறும்பு அளவில் 'வரை' என்றிருக்கும். அதை நாம் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் ஹார்ட் டிஸ்க் பெட்டியில் 'விநாடிக்கு 150 எம்.பி. வரை' என்று போட்டிருந்தால் மட்டும் அந்த 'வரை' நம் கண்ணில் படுவதில்லை.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு முழுத் திரைப்படத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தால் அந்த வேகம் வரும். கணினியைத் திறக்கும்போது நடப்பதோ வேறு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், ஒன்று இங்கே, ஒன்று எங்கோ.

நம்மூர் பிரெஞ்சு நிறுவனத்துச் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன அல்லவா? அங்கே ஒரு கட்டை அவிழ்த்து வரிசையாக ஏடு புரட்டுவது எளிது. ஒவ்வொரு ஏட்டையும் வேறு வேறு கட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். படிக்கும் நேரத்தைவிடக் கட்டைத் தேடும் நேரமே அதிகமாகும்.

டிஸ்க்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் சுழன்று வர, சராசரியாக அதில் பாதி. உள்ளிருக்கும் கை அந்த இடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது. ஆக, விநாடிக்குச் சுமார் 80 தடவைதான் தேடி எடுக்க முடியும். தடவைக்கு 4 கிலோபைட் என்று வைத்தால் விநாடிக்கு 320 கிலோபைட். 150 எம்.பி. எங்கே, இது எங்கே! மடிக்கணினியில் பெரும்பாலும் 5400 சுற்றுதான், இன்னும் மோசம்.

எனக்குக் கோபம் வருவது இந்தக் கணக்கால் அல்ல. 'சார், கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க' என்று பென்ஷன்காரர்களிடம் சொல்கிறார்களே, அதனால்தான். அளந்து பார்க்காமலே சொல்கிறார்கள். என் நண்பர் ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டு நல்ல கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் டிஸ்க். 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதம் என்று நிற்க, படிக்கும் வேகம் 1, 2 எம்.பி.யில் நொண்டினால், டிஸ்க் தேடித் தேடியே களைத்துப் போகிறது என்று பொருள். 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' நூறு, இருநூறு மில்லிவிநாடி என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி., அதே தேடலை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் முடித்துவிடும். கணினியை அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதும். அங்கேயும் '550 வரை', '3500 வரை' என்று எண்ணைக் காட்டி விலை ஏற்றுவார்கள். கடிதம் எழுதவும் பேரன் படம் பார்க்கவும் குறைந்த எண்ணே தாராளம்.

மாற்றுவதற்கு முன் அதே திரையில் மெமரியையும் பாருங்கள். 4 ஜி.பி. மட்டும் இருந்து அதுவும் நிரம்பி வழிந்தால், இடம் போதாமல் கணினி டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அப்போது முதலில் மெமரியைக் கூட்டுங்கள்.