ஒரு குண்டா நிலமும் அரசாங்கச் செலவும்

புனேயைச் சுற்றி 'ஒரு குண்டா' மனை விற்பது தெரிந்திருக்கும். 1089 சதுர அடி. 1947-ஆம் வருடத்துத் துண்டுநிலச் சட்டம் குறுக்கே நின்றதால் பத்திரம் பதியவில்லை. பத்திரம் இல்லாமல் வங்கிக் கடன் ஏது? அதனால் விற்றவரே மாதத் தவணை போட்டுக்கொண்டார். கையில் மிஞ்சியது நோட்டரி போட்ட முத்திரைத்தாள் மட்டும். சாத்பாராவில் (நம்மூர் பட்டா மாதிரி) பழைய பெயரேதான்.

போன மாதம் நம்மூர்க்காரர் ஒருவர் அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தார். எட்டு வருடத் தவணை கட்டியிருக்கிறார். "கடன் தர முடியாதுங்க" என்றுதான் சொல்ல முடிந்தது.

இந்த ஒப்பந்தங்களைக் கண்காணிக்கச் சொன்னால் 'அரசுக்குச் செலவு' என்கிறார்கள். சிரிப்புதான் வருகிறது. மகாரெராவில் புகார் கொடுக்கவே வாங்கியவர் 5000 ரூபாய் கட்ட வேண்டும். முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் தனி. செலவு யாருடையது? அந்த ரெரா சட்டமும் (2016) 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களைப் பதிவிலிருந்து விட்டுவிட்டது.

கண்காணிக்காததற்குச் செலவு இல்லையா? குண்டேவாரியை முறைப்படுத்த 2001-இல் ஒரு சட்டம், 2021-இல் திருத்தம். வீடு எழும்பிய பிறகு சந்து சந்தாகச் சாலை, குழாய், சாக்கடை. அதிலும் நம் வரிப்பணம் போகிறது. தவணையைப் பதிய ஒரு குமாஸ்தா போதும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதியாத எதற்கும் முதல் தவணையே கட்டாதீர்கள்.