முட்டை பிரியாணி வந்தாச்சு... ஆனால் கேரளக் குழந்தைகளின் வளர்ச்சி தடைபடுவது அதற்கும் முந்தைய வயதில்

அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், "பிர்னாணியும் பொரிச்ச கோழியும்" வேணும் என்று மழலையில் கேட்ட ஒரு கேரளச் சிறுவனின் வீடியோ 2025 தொடக்கத்தில் வைரலானது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், மாநில அங்கன்வாடிகளுக்கான புதிய உணவுப் பட்டியலை அமைச்சர் வீணா ஜார்ஜ் வெளியிட்டார். அதில் முட்டை பிரியாணி இடம்பெற்றது. வாரத்தில் இரண்டு நாள் தரப்பட்ட பாலும் முட்டையும் மூன்று நாளாயின. சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன.

நல்ல மாற்றம்தான். ஆனால் அங்கன்வாடியில் உட்கார்ந்து இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுவது 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகள். உயர வளர்ச்சி தடைபடுவதோ பெரும்பாலும் அதற்கு முன்பே, தாய் கருவுற்றதிலிருந்து குழந்தைக்கு 2 வயது ஆகும் வரையிலான சுமார் 1,000 நாட்களில். அந்த நாட்களில் கேரளத்தில் என்ன நடக்கிறது?

எண்கள் என்ன சொல்கின்றன?

குழந்தை இறப்பைத் தடுப்பதில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. 2023-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறை (எஸ்ஆர்எஸ்) அறிக்கைப்படி, அங்கே பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 5 பேர். இந்திய சராசரி 25.

பிழைத்த குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்தால் கதை மாறுகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் (என்எஃப்ஹெச்எஸ்) நான்காவது சுற்றையும் (2015-16) ஐந்தாவது சுற்றையும் (2019-21) ஒப்பிடுங்கள். எல்லாம் கேரளத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கணக்கு:

- வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்: 19.7 சதவீதத்திலிருந்து 23.4 சதவீதம்
- வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள்: 16.1-லிருந்து 19.7
- உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள்: 15.7-லிருந்து 15.8
- ரத்தசோகை (6 முதல் 59 மாதம் வரை): 35.7-லிருந்து 39.4

உயரக் குறைவில் இந்திய சராசரி இதே காலத்தில் 38.4-லிருந்து 35.5 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 27.1-லிருந்து 25.0 ஆனது. அதாவது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 7.4 புள்ளியாக இருந்த இடைவெளி 1.6 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. தமிழ்நாடு ஓரளவு முன்னேறியது ஒரு காரணம். கேரளம் பின்னே வந்தது அதைவிடப் பெரிய காரணம்.

இது கொரோனாவின் விளைவா?

இல்லை. ஆய்வின் முதல் கட்டத்திலேயே கேரளம் வந்துவிட்டது. அங்கே வீடு வீடாகத் தகவல் திரட்டியது 2019-இன் இரண்டாம் பாதியில். முதல் ஊரடங்குக்கு முன்பே இந்தச் சரிவு பதிவாகிவிட்டது.

அப்போ வறுமையா?

வறுமை பெரிய ஆபத்துக் காரணி என்பதில் சந்தேகமில்லை. நாடு தழுவிய கணக்கில், மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்களில் சுமார் 46 சதவீதக் குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆனால் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கிலும் இது சுமார் 23 சதவீதம். கையில் காசு இருக்கும் வீட்டிலும் நான்கில் ஒரு குழந்தைக்கு அருகில் பாதிப்பு என்றால், வேறு காரணங்களையும் தேட வேண்டியிருக்கிறது. வயது வரிசையில் பார்க்கலாம்.

1. தாயின் உடல்நிலை

கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 34.3 சதவீதத்திலிருந்து 36.3 ஆக உயர்ந்தனர். அதே காலத்தில் அதிக எடை அல்லது உடல்பருமன் கொண்ட பெண்கள் 32.4-லிருந்து 38.1 சதவீதம் ஆனார்கள். தட்டு நிறையச் சோறு இருந்தும் இரும்புச்சத்து இல்லாமல் போகலாம் என்பதைத்தான் இந்த இரண்டு எண்களும் சேர்ந்து காட்டுகின்றன. ரத்தசோகையுள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரும் வாய்ப்பு அதிகம். எடை குறைந்து பிறக்கும் குழந்தை ஓட்டப்பந்தயத்தில் பத்தடி பின்னால் நின்று தொடங்குகிறது.

இதன் கொடிய வடிவத்தைக் கோவைக்காரர்கள் பக்கத்திலிருந்தே பார்த்தார்கள். ஆனைகட்டி எல்லைக்கு அப்பால் இருக்கும் அட்டப்பாடியில், இருளர், முதுகர், குறும்பர் குடியிருப்புகளில், 2013-இல் அடுத்தடுத்து நிகழ்ந்த சிசு மரணங்கள் நாட்டையே உலுக்கின. இறந்தவர்களில் பலர் எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த பச்சிளம் குழந்தைகள். தாய்மார்களின் ரத்தசோகை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. நிலம் கைமாறியதும், ராகி, சாமை, தினை விளைந்த காடுகள் சுருங்கியதும் அதற்குப் பின்னால் இருந்த நீண்ட கதை.

2. முதல் ஆறு மாதம்

கேரளத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான். ஆனாலும் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.5 சதவீதம்தான். இந்திய சராசரியான 63.7-ஐ விட இது குறைவு.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மாநிலத்தில் 38.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் பால் தாமதமாவது வழக்கம். தாமதமானால், "பால் போதலையோ" என்ற பயத்தில் பவுடர் பால் உள்ளே வந்துவிடும். வேலைக்குத் திரும்பும் அவசரமும் உண்டு. சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்பு இருக்கிறது. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கு அது ஏட்டில்தான் இருக்கிறது.

3. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை

உலக சுகாதார நிறுவனம் குழந்தை உணவை 8 வகையாகப் பிரிக்கிறது: தாய்ப்பால், தானியம், கிழங்கு, வாழைக்காய், பருப்பு, கொட்டை வகைகள், பால் பொருட்கள், மீன், இறைச்சி, முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த காய், கனி, கீரை, மற்ற காய்கனிகள். 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் இவற்றில் குறைந்தது 5 வகை கிடைக்க வேண்டும்.

கேரள வீடுகளில் வழக்கமான முதல் உணவை எடுத்துக்கொள்ளுங்கள்: குன்னன் வாழைக்காய்ப் பொடிக் கஞ்சி, ராகிக் கூழ், நடுவில் பிஸ்கட். வயிறு நிறையும். ஆனால் மூன்றும் ஒரே வகை. தாய்ப்பாலையும் சேர்த்தால் இரண்டுதான் ஆச்சு. அதே கஞ்சியோடு மசித்த பருப்பு, அரை முட்டை, கொஞ்சம் பூசணி சேர்ந்தால் ஐந்து ஆகிவிடும்.

எத்தனை முறை, எத்தனை வகை என்ற இரண்டையும் வைத்து 'போதுமான உணவு' கணக்கிடப்படுகிறது. கேரளத்தில் அது கிடைப்பது இந்த வயதுக் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு மட்டுமே. இந்திய சராசரி 11.3 சதவீதம் என்பதால் கேரளம் அதைவிட மேல்தான். ஆனாலும் நான்கில் மூன்று குழந்தைகள் வெளியே நிற்கிறார்கள்.

4. வீடும் தண்ணீரும்

அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தை சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. திருவனந்தபுரம் வலியதுறையில் கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் ஒரு சிமென்ட் குடோனுக்குள் தடுப்புகள் கட்டி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். காற்றும் போதிய கழிப்பறையும் இல்லாத அப்படியொரு இடத்தில் தவழும் குழந்தைக்கு எந்தச் சத்துமாவும் முழுப் பலன் தராது. மாநில சராசரி இந்த மாதிரி மூலைகளை மறைத்துவிடும்.

இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசு என்ன தருகிறது?

6 மாதம் முதல் 3 வயது வரை வீட்டுக்கே தரப்படுவது 'அம்ருதம் நியூட்ரிமிக்ஸ்'. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தயாரிக்கும் மாவு இது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தரும் திட்டமும்கூட. ஆனால் இதில் முட்டை இல்லை, மீன் இல்லை, காய் இல்லை. மேலே சொன்ன எட்டில் அதிகபட்சம் இரண்டு வகை. பாக்கெட் வீட்டுக்குப் போன பிறகு அதைக் குழந்தைதான் சாப்பிடுகிறதா என்று அங்கன்வாடி டீச்சரால் பார்க்கவும் முடியாது.

தமிழ்நாட்டின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இங்கே ஒப்பிடத் தக்கது. 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டம், 2024 நவம்பரில் வந்த தன் இரண்டாம் கட்டத்தில், 6 மாதத்துக்கு உட்பட்ட கடுமையான எடைக்குறைவுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுத்தது. குழந்தை நேரடியாகச் சாப்பிட முடியாத வயதில் தாய் வழியாகப் போவது என்ற யோசனை அது.

நீங்கள் என்ன கவனிக்கலாம்?

- உயரம்: 2 வயதில் நிற்கவைத்து அளக்கும்போது ஆண் குழந்தை சுமார் 81 செ.மீ-க்கும், பெண் குழந்தை சுமார் 79 செ.மீ-க்கும் கீழே இருந்தால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று பொருள்.
- மேல்கைச் சுற்றளவு (6 மாதம் முதல் 5 வயது வரை): 12.5 செ.மீ-க்குக் கீழே எச்சரிக்கை. 11.5-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.
- தாய்-சேய் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடு: அது படுத்தாலோ இறங்கினாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள்.
- உணவு: இன்று எத்தனை வகை கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தில் எடுக்கப்பட வேண்டிய முடிவு. மூன்று வயதுப் பையன் கேமராவைப் பார்த்துக் கேட்டான், பட்டியல் மாறியது. எட்டு மாதக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த வயதுக்கும் ஒரு முட்டையை அரசு ஒதுக்குமா, கர்ப்பிணிகளின் ரத்தசோகையை வார்டு வாரியாக வெளியிடுமா என்று அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.