செய்திக்குக் கூலி கொடுத்தவர் யார்?

விசைத்தறியில் நெய்த சேலையைக் கைத்தறிச் சேலையென்று விற்பவர்மீது நம் நெசவாளர்க்கு எத்தகைய சினம் உண்டென்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. விசைத்தறித் துணியின்மீது நமக்குப் பகை கிடையாது. அதற்கும் வாங்குவோர் உண்டு. ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்பதே குற்றம். 2006இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டதும் வாங்குவோர் இவ்வாறு ஏமாறாதிருக்கும் பொருட்டே. பொதுத் தேர்தல் காலத்தில் நம் இல்லங்களுக்கு வரும் செய்திகளுள்ளும் இப்படி வேடமிட்ட சரக்கு கலந்து வருகிறது. அதைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறோம்.

2009ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது, வேட்பாளர்களைப் புகழும் கட்டுரைகள் பணம் பெற்றுக்கொண்டு செய்தியாக வெளியிடப்பட்டன என்ற முறையீடு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் எழுந்தது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இதை விசாரிக்கப் பரஞ்ஜய் குஹா தாக்குர்த்தா, கே. சீனிவாச ரெட்டி ஆகிய இருவரைக் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அவர்கள் 2010இல் 71 பக்க அறிக்கை அளித்தனர். பத்திரிகைகளின் பெயர்கள் அதில் வெளிப்படையாகவே இருந்தன. கவுன்சிலோ அதனை முழுமையாக வெளியிடாமல், அவ்வாண்டு ஜூலையில் சுருக்கமானதோர் அறிக்கையை ஏற்று, அவ்வளவில் நின்றுகொண்டது. மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்ட பின்னரே, 2011இல், மூல அறிக்கை முறைப்படி வெளிவந்தது. தணிக்கை அறிக்கையைப் பேரவையின் முன் வைக்காத நிர்வாகக் குழுவைப் பற்றி அங்கத்தினர்கள் என்ன சொல்வார்களோ, அதையே இங்கும் சொல்லலாம்.

2009 அக்டோபரில் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளேடுகளில் அம்மாநில முதலமைச்சரைப் புகழும் கட்டுரையொன்று சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே வெளிவந்திருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துக்காட்டினார். அவரைப் பற்றி முழுப் பக்கங்களாகவே செய்திகள் வந்திருந்தும், அவர் தாக்கல் செய்த தேர்தல் கணக்கில் பத்திரிகை விளம்பரச் செலவு ரூ. 5,379 மட்டுமே. பணம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று அவர் மறுத்தார். விவகாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தேர்தல் ஆணையம் 2014இல் அவருக்கு அனுப்பிய நோட்டீசை அவ்வாண்டே தில்லி உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆகவே அவரைக் குற்றவாளியென்று எவரும் கூறுவதற்கில்லை. எனினும், கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒன்று தென்படாமற் போகாது. சரக்கு கண்முன் குவிந்து கிடக்கிறது. பில்லும் இல்லை, வவுச்சரும் இல்லை. சரக்கை எவர் கொண்டுவந்து இறக்கினார் என்பதற்கும் பதில் இல்லை. சங்கத்துக் கிடங்கில் இத்தகைய நிலையைக் கண்டால் நாம் கையொப்பமிடுவோமா?

மெய்ப்பிப்பது அரிதேயன்றி இயலாததன்று. உத்தரப் பிரதேசத்தில் 2007 சட்டமன்றத் தேர்தலில் வென்ற உமலேஷ் யாதவ், செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று கண்டு, தேர்தல் ஆணையம் 2011 அக்டோபரில் அவரை 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. தேர்தல் துண்டுப் பிரசுரம் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. தெருமுனையில் கையில் திணிக்கப்படும் நோட்டீசுக்கு விதித்த இந்த ஒழுங்கை நாளேட்டின் முதற்பக்கமும் ஏற்பது தகும்.

நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் நம்பிக்கை குன்றியதனாலேயே, தனித்து நின்று பேசும் விமரிசகர்களுக்கு மக்களிடையே மதிப்புப் பெருகியது. 2019இல் மகசேசே விருது பெற்ற ரவீஷ் குமார், தாம் பணிபுரிந்த தொலைக்காட்சி நிறுவனம் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய வேளையில், 2022 நவம்பரில் அதினின்று விலகினார். பின்னர் யூடியூபில் பேசி வந்தார். 2024 பொதுத் தேர்தலில் அவர் போன்றோரின் பேச்சை லட்சக்கணக்கானோர் கேட்டனர். இது வரவேற்கத் தக்கதே. ஆயினும் முதலாளி இல்லாதவர் அனைவரும் சார்பற்றவர் என்று கொள்ளலாகாது. யூடியூப் தரும் விளம்பர வருவாய் பார்ப்போர் தொகையைப் பொறுத்தது. கூட்டம் கேட்க விரும்புவதையே கூறினால் கூட்டம் கூடும். உடன் வருவாயும் கூடும். வாரச்சந்தையில் எந்தக் கடையின் முன் நெருக்கடி மிகும் என்பது நம் விவசாயிகள் அறியாததன்று.

அத்தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1ஆம் தேதி முடிந்தது. அன்று மாலையே வெளிவந்த கணிப்புகளில் பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேற்பட்ட இடங்கள் என்றன. ஜூன் 4ஆம் தேதி எண்ணியபோது கிடைத்தவை 293. இடையில் பங்குச் சந்தைக் குறியீடு 3ஆம் தேதி சுமார் 2,500 புள்ளிகள் ஏறி, 4ஆம் தேதி சுமார் 4,400 புள்ளிகள் வீழ்ந்தது. கணிப்புத் தவறுவது இயல்பு, 2004லும் தவறியது. எத்தனை பேரிடம், எவ்வூர்களில், எவர் செலவில் கேட்டோம் என்பதைக் கூறாது எண்ணை மட்டும் உரக்கக் கூறுவோரையே நாம் குறை கூறுகிறோம். எடை போடாமல் விலை பேசும் தரகரிடம் பருத்தியை ஒப்படைப்பாருண்டோ?

எழுதுகிறவர்க்குச் சார்பு இருப்பதில் பிழையில்லை. யார் கூலி கொடுக்கிறார் என்பது வாசகர்க்குத் தெரிந்திருந்தால் போதும். பெர்லின் நகரத்து ‘டாட்ஸ்’ என்னும் ஏடு 1990களின் தொடக்கம் முதல் கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாக நடந்து வருகிறது. அதன் பங்குதாரர்கள் 20,000க்கும் மேற்பட்டோர். அது இடதுசாரிச் சார்புடைய ஏடு. அதை மறைப்பதுமில்லை. வாசகரே பங்குதாரரானால் பொறுப்புக் கேட்கும் உரிமையும் வாசகருக்கே.

நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்கள் சிலவற்றில், விலையின்றி வரும் ஏடுகளே மேசைமேல் கிடக்கின்றன. தேர்தல் நெருங்கும்போது அவற்றின் தடிமன் கூடுவதையும் கண்டிருக்கிறோம். சந்தா கட்டி, மாறுபட்ட சார்புடைய இரண்டு நாளேடுகளையாவது ஒவ்வொரு சங்கமும் வரவழைத்தல் நன்று. பொது நல நிதியில் விதிகள் இடந்தருமாயின் அச்செலவு பெரிதன்று. நம் கூட்டுறவு இதழ்களும் இதற்கு விலக்காதல் கூடாது. எந்த வேட்பாளரின் புகழுரையையும் கட்டுரையாக ஏற்பதில்லை என்றும், கட்டண விளம்பரமாயின் ‘விளம்பரம்’ என்னும் சொல்லைத் தலைப்புக்கு நிகரான எழுத்தில் இடுவது என்றும் தீர்மானம் வேண்டும். அடுத்த பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க விரும்பும் அங்கத்தினர்கள் தத்தம் சங்கச் செயலாளருக்கு முன்னதாகவே எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.