கொழும்பில நல்ல பர்கர் எங்க கிடைக்கும்?

கொழும்புக்குப் புதிதாக வருகிற பெடியளும் பெட்டையளும் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி, வாடகைக்கு அறை எங்கே கிடைக்கும் என்பது. இரண்டாவது, "மச்சான், நல்ல பர்கர் எங்க கிடைக்கும்?" முதலாவதற்கு எங்களிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது. ஆனால் கேட்டவர் எதிர்பார்க்கிற பதில் அது இல்லை.

இன்ஸ்டகிராமில் தேடினால் 'கொழும்பின் சிறந்த பத்து' என்று பட்டியல் பட்டியலாக வரும். எல்லாவற்றிலும் ஒரே படம்தான். ஒரு கை பர்கரைப் பிய்க்கும், சீஸ் நூலாக இழுபடும், பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எவ்வளவு காசு, ஹலாலா, மாடு சாப்பிடாதவருக்கு என்ன இருக்கு, ராத்திரி திரும்பிப் போக பஸ் இருக்கா? ஒண்டும் இருக்காது. கடைசி இருநூறு ரூபாயை வைத்துக்கொண்டு பஸ் ஸ்ராண்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியெல்லாம் வரும்போல.

எங்கட கூட்டம் ஆறு பேர். இரண்டு பேரின் வீட்டில் மாட்டிறைச்சி என்ற சொல்லையே சொல்ல ஏலாது. ஒருத்தி ஹலால் இல்லாத இடத்தில் தண்ணி மட்டும் குடிப்பாள். ஒருத்தன் வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், மற்ற நாளெல்லாம் கணக்கில்லை. ஒரு சிங்கள நண்பி போயா நாளில் இறைச்சி தொடமாட்டாள். மிச்சமிருக்கிற ஒருத்தன் எல்லாம் சாப்பிடுவான், கையில் காசுதான் இருக்காது. இந்த ஆறு பேரும் ஒரே மேசையில் இருந்து, எல்லாரும் சாப்பிட்டு, ஒருத்தரும் கடன்படாமல் எழும்பி வரவேண்டும். எங்களைப் பொறுத்தவரை நல்ல பர்கர்க் கடைக்கு அளவுகோல் இதுதான். ருசி அதற்குப் பிறகு. ருசி முக்கியமில்லை என்று சொல்லவில்லை, அதற்கும் வாறம்.

2022 செப்டெம்பர் ஞாபகம் இருக்கா? கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று செய்தியில் வாசித்த மாதம். முந்தின வருசம் 100 ரூபாய்க்கு வாங்கின சாப்பாடு கிட்டத்தட்ட 195 ரூபா. அந்த நாட்களில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம், ஒருத்தியின் பிறந்தநாள். எல்லாரும் ஓடர் பண்ணினோம். அவன் மட்டும், "நான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்றான். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். எங்கட சிப்ஸில் இரண்டு எடுத்தான், தண்ணி குடித்தான், நல்லாச் சிரித்துக் கதைத்தான். அடுத்த முறையும் சாப்பிட்டிட்டுத்தான் வந்தான். அதற்கடுத்த முறை வரவேயில்லை. அவன் அந்த மாதங்களில் பகலில் ஒரு நேரம்தான் சாப்பிட்டான் என்பது எங்களுக்குத் தெரியவர அரை வருசம் எடுத்தது. நாங்கள் ஐந்து பேர் அந்த மேசையில் பர்கரின் உயரத்தைப் படம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் விலைப் பட்டியலை ஒழுங்காக வாசிக்கப் பழகினோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனியுங்கோ. 1,800 ரூபா என்று போட்டிருக்கிற பர்கருக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டால் 1,980. அதற்கு மேல் 18 வீதம் வற். 2,336 ரூபா வருகிறது. 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 ஆனதில் இருந்து இதுதான் கணக்கு. ஒரு கோக் சேர்த்தால் இன்னும் மேலே போகும். பில் வந்த பிறகு போனில் கல்குலேட்டர் திறக்கிற அந்த ஒரு நிமிச அமைதி இருக்கே, அதை நாங்கள் இனி அனுபவிக்கத் தயாரில்லை.

சரி, ருசி. பர்கர் என்பது பெரிய வித்தை இல்லை. அரைத்த இறைச்சி, உப்பு, சூடான இரும்பு, மெதுவான பணிஸ். இறைச்சியில் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வறண்டு போகும். எங்கட நாட்டு மாடு மெலிந்த மாடு, அதனால் இறைச்சியிலும் கொழுப்புக் குறைவு. அதைச் சமாளிக்க எத்தனையோ கடைகளில் பாண்தூள், வெங்காயம், முட்டை, மிளகு எல்லாம் போட்டுப் பிசைகிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது பணிஸுக்குள் வைத்த கட்லட். கட்லட்டுக்கு நாங்கள் எதிரி இல்லை. பின்னேரத் தேத்தண்ணியோட இரண்டு கட்லட்டுக்கு ஈடு ஏது? ஆனால் அதை 1,800 ரூபாய்க்குப் பர்கர் என்று விற்கக்கூடாது.

இப்ப எல்லா இடமும் 'ஸ்மாஷ் பர்கர்' அலை. இறைச்சி உருண்டையைக் கொதிக்கிற தட்டில் போட்டு, உடனேயே பலமாக அமத்தித் தட்டையாக்குவது. இரும்பில் ஒட்டுகிற பக்கம் மண்ணிறமாகி மொறுமொறுக்கும், அந்த மண்ணிறத்தில்தான் ருசி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த புது நுட்பம் மாதிரிச் சில கடைகள் இதை விளம்பரப்படுத்துகின்றன. அந்தத் தட்டைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். கொத்து ரொட்டி போடுகிற அதே தட்டுத்தானே? எங்கே எவ்வளவு சூடு, எப்போது பிரட்டுவது, எப்போது கை வைக்கக்கூடாது என்பதெல்லாம் கொழும்பின் கொத்துக்கடைக்காரருக்குக் கையில் இருக்கிற வித்தை. கொழும்பில் நாங்கள் சாப்பிட்ட மிகச்சிறந்த பர்கர் மூன்றில் இரண்டைப் போட்டவர்கள் பல வருசம் கொத்துப் போட்ட நானாமார். மற்ற ஒன்று ஒரு நண்பியின் வீட்டுக் குசினியில், தோசைக்கல்லில்.

மாட்டைப் பற்றிக் கதைக்காமல் பர்கரைப் பற்றிக் கதைக்க ஏலாது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற பெரியம்மா ஒருத்தர் எங்கட ஒருத்தன்ர ஸ்ரோரியைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கோல் எடுத்தவ. "தம்பி, ஹாம் எண்டா பண்டி எல்லோ?" ஹாம்பர்க் என்ற ஜேர்மன் நகரத்தின் பெயரில்தான் அந்த 'ஹாம்' வந்தது, பன்றி இல்லை என்று விளங்கப்படுத்தினான். "அப்ப என்ன இறைச்சி?" என்ற அடுத்த கேள்வியோடு சிக்னல் இல்லாமல் போய்விட்டது.

இந்த ஒளிப்புமறைப்புக்கு நாங்கள் சிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் சிரிக்க முடியாது. 2013இல் பொது பல சேனாவின் பிரசாரத்துக்கு நடுவில் ஹலால் இலச்சினையை உள்நாட்டுச் சந்தையில் கைவிட வேண்டிய நிலை ஜம்இய்யதுல் உலமாவுக்கு வந்தது. பள்ளிக்கூடக் கன்ரீனில் பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றதை எங்கட நண்பி இன்னும் சொல்லுவாள். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு 'முஸ்லிம் கடையில சாப்பிடாதேங்கோ' என்று வந்த வட்ஸ்அப் செய்திகள் சிங்களத்தில் மட்டும் வரவில்லை, எங்கட குடும்பக் குறூப்புகளில் நல்ல தமிழிலும் வந்தன. 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது, ஆனால் சாப்பிடுகிறவர்களுக்காக இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்கலாமாம். வெளிநாட்டு மாட்டுக்கு உயிர் இல்லைப்போல. மாடு சாப்பிடாமல் இருப்பது ஒருத்தரின் நம்பிக்கை, அதை மதிக்கிறோம். எங்கட மேசையிலேயே மூன்று பேர் சாப்பிடுவதில்லை. மற்றவன்ர தட்டுக்குள் கையை விடுவது வேறு விசயம்.

அதனால்தான் எங்கட முதல் சிபாரிசு புதுக்கடை. நீதிமன்றத்துக்குக் கிட்ட, ராத்திரியில் வீதியே சாப்பாட்டுக் கடையாகிற இடம். சிங்களத்தில் அளுத்கடே. கொத்தும் சவர்மாவும்தான் அங்கே ராசா, ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் பணிஸ் அடுக்கி வைத்திருக்கிற கடைகளைப் பாருங்கோ. இறைச்சியைக் கண்முன்னால் போடுகிறவரிடம் மட்டும் வாங்குங்கோ, பொரித்து அடுக்கி வைத்ததை வாங்காதேங்கோ. நாங்கள் போன முறை கோழிப் பர்கர் 600, மாடு 700, வரி கிரி ஒண்டும் இல்லை. மயோனிஸ் கூடப் போடுவார்கள், "நானா, மயோ கொஞ்சமா" என்று முதலிலேயே சொல்லவேணும். கோபிக்க மாட்டார், ஆனால் மறந்துபோவார். ரமழான் மாதத்தில் போனால் நோன்பு திறந்த பிறகு போங்கோ, அந்த நேரத்துச் சனமும் வெளிச்சமும் வேறமாதிரி.

வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு மரைன் டிரைவ் பக்கம் சின்னச்சின்னக் கடைகள் நிறைய. கடல்காற்று நல்லது, பணிஸ் பெரும்பாலும் நல்லதில்லை. காலையில் வந்த பணிஸைப் பின்னேரம் வரை வைத்திருந்தால் சூடாக்கினாலும் உதிரும். நாங்கள் ஆறு மணிக்கு முந்திப் போவோம். மெஜஸ்ரிக் சிற்றி மாதிரி ஃபூட் கோர்ட்டுகளில் ஒரு வசதி இருக்கிறது, ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடித்த கடையில் வாங்கிக்கொண்டு ஒரே மேசைக்கு வரலாம், ஒண்டும் வாங்காமல் இருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். பர்கர் சுமார்தான்.

மரக்கறிப் பர்கரைப் பற்றி நாங்கள் கோபமாகவே இருக்கிறோம். உருளைக்கிழங்கு மசித்து, தூள் போட்டுப் பொரித்து, பணிஸுக்குள் வைத்து அதே விலை. பற்றிஸுக்குள் வைக்கிற கறிதான் அது. பிஞ்சுப் பலாக்காய் இருக்கிற நாட்டில் ஏன் இந்தச் சோம்பல்? அவித்து நார் நாராகப் பிய்த்து, தூள் பிரட்டி, தட்டில் கருகவிட்டால் இறைச்சி சாப்பிடுகிறவனே கேட்டு வாங்குவான். ஒன்றிரண்டு இடத்தில் சாப்பிட்டிருக்கிறோம், நல்லா இருந்தது, விலைதான் கூட. தனிக் கரண்டியும் வேணும். இறைச்சி பிரட்டின கரண்டியாலேயே அதையும் பிரட்டினால் வெள்ளிக்கிழமைக்காரன் என்ன செய்வான்?

பெரிய சங்கிலிக் கடைகளைப் பற்றிக் கேட்பீர்கள். 1998இல் மக்டொனால்ட்ஸ் கொழும்புக்கு வரும்போது எங்களில் பாதிப்பேர் பிறக்கவேயில்லை. 2024 மார்ச்சில் அதன் 12 கடைகளும் மூடப்பட்டபோது ரைம்லைன் முழுக்க அஞ்சலிக் குறிப்பு. எங்கட மேசையில் அப்படி ஒரு துக்கம் இருக்கவில்லை, காஸாவில் யுத்தம் தொடங்கினதில் இருந்து நண்பி அந்தப் பக்கம் போறதை விட்டிட்டாள், அவள் வராத இடத்துக்கு நாங்களும் போகவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேணும். ஊரில் இருந்து வந்த எங்களுக்கு முதல் பர்கர் இப்படிச் சங்கிலிக் கடை ஒன்றில்தான், ஏசிக்குள் இருந்து, சோஸ் பக்கற்றைப் பல்லால் கடித்துத் திறந்து. அந்தப் பர்கரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வராது.

வீட்டுக்கு ஓடர் பண்ணாதேங்கோ. பெட்டிக்குள் நீராவி அடைத்து, மொறுமொறுப்பு எல்லாம் போய், ஊறின பணிஸ்தான் வந்துசேரும்.

சாப்பிட்டிட்டு வருகிறவன் இப்போது திரும்ப வருகிறான். வேலை கிடைத்துவிட்டது. போன வியாழன் புதுக்கடையில் ஆறு பேருக்கும் அவன்தான் காசு கொடுத்தான், 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. நீங்களும் போறதெண்டா எட்டு மணிக்குப் பிறகு போங்கோ, கையில் காசு கொண்டு போங்கோ, நாங்கள் வாங்குகிற கடையில் கார்ட் எடுக்கமாட்டார்கள்.